மலையை வரைந்தால் வரைபடமாகிவிடுகிறது: என்ன செய்வது?

வேலூர்_கன்னர் கேட்கிறார்:

வணக்கம். வயது 59. பீரங்கிப் படையில் 24 ஆண்டுகள் இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றேன். பிறகு 15 ஆண்டுகள் ஒரு வங்கி வாசலில் துப்பாக்கியோடு நின்றேன். தூரிகையைத் தொட்டது போன கோடையில்தான். பேத்தி விட்டுப்போன கேம்லின் வண்ணப்பெட்டி, பன்னிரண்டு வில்லை. மதியம் தூக்கம் வராமல் திறந்தேன். இப்போது விடியற்காலை 4 மணிக்கே எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். பென்ஷன் பணத்தில் பாதி தாளுக்குப் போகிறது என்று வீட்டில் குற்றச்சாட்டு. பாதியெல்லாம் இல்லை.

வரைவது எனக்குப் புதிதல்ல. படையில் நான் டி.ஏ., அதாவது டெக்னிக்கல் அசிஸ்டென்ட். கண்காணிப்பு நிலையத்தில் உட்கார்ந்து எதிரே தெரிகிற மலைத்தொடரைப் பென்சிலால் வரைய வேண்டும். முதலில் வானமும் மலையும் சேரும் கோடு. அதன் கீழே முகடு, ஒற்றை மரம், பெரிய பாறை எல்லாம். ஒவ்வொன்றின் தலைக்கு மேலும் ஒரு செங்குத்துக் கோடு இழுத்துத் திசையும் தூரமும் எழுத வேண்டும். கருவி கையில் இல்லையென்றால் கையை நீட்டிச் சாண் பிடித்துக் கோணத்தை அளப்போம். ஒரு சாண் ஏறத்தாழ 19 டிகிரி. 1999இல் லடாக்கின் திராஸ் பக்கம் இருந்தபோது கையுறையோடு பென்சில் பிடிக்கவே தனிப் பழக்கம் வேண்டியிருந்தது.

இப்போது அந்த மலைகளைத்தான் நினைவிலிருந்து வரைகிறேன். ஞாயிற்றுக்கிழமை ஓவிய வகுப்பில் சொல்லித்தரும் பெண்ணுக்கு என் மகள் வயது. பார்த்துவிட்டு, “நன்றாக இருக்கிறது ஐயா. ஆனால் இது மேப்” என்றார். சரியாகத்தான் சொன்னார். ஒவ்வொரு பாறையும் கறுப்புக் கோட்டுக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. எதையும் விட மனம் வருவதில்லை. அங்கே ஒரு பாறையை விட்டுவிட்டால் அதன் பின்னால் இருப்பவனையும் விட்டதாகிவிடும்.

இரண்டு கேள்விகள். இந்தக் கோட்டை எப்படிக் கைவிடுவது? பனியை எப்படிக் கொண்டுவருவது? வெள்ளை வில்லையைக் கரைத்துப் பூசினால் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி ஆகிறது.

நீர்வண்ணம்_நீலா:

ஐயா, வெள்ளை வில்லையைப் பேத்தியிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நீர்வண்ணத்தில் பனி என்பது தாள்தான். பனி இருக்கும் இடத்தைத் தொடாமல் விட்டு, நிழலை மட்டும் போடுங்கள். அல்ட்ராமரின் நீலத்தில் துளி பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு) சேர்த்தால் குளிர்ந்த சாம்பல் கிடைக்கும். நிழலின் ஒரு விளிம்பு கூர்மையாக இருக்கட்டும். மறு விளிம்பைக் காயும் முன்பே சுத்தமான ஈரத்தூரிகையால் கரைத்துவிடுங்கள். கோடு தானாகவே குறையும். பள்ளி டிராயிங் தாளில் இது நடக்காது, தண்ணீர் பட்டதும் அலையலையாக எழும்பிவிடும். 300 ஜிஎஸ்எம் கனமுள்ள பருத்தித் தாள் ஒன்று வாங்கி நான்காகக் கிழித்துக்கொண்டால் செலவும் தாங்கும்.

டிராயிங்_மாஸ்டர்:

வகுப்பு ஆசிரியை சொன்னதில் எனக்குப் பாதி உடன்பாடுதான். மேப் என்றால் மட்டமா? ஆங்கில நீர்வண்ண ஓவியத்தின் முன்னோடி பால் சாண்ட்பி தொழில் பழகியதே 1747இல் தொடங்கிய ஸ்காட்லாந்து இராணுவ நில அளவையில். பிறகு 1768 முதல் வூல்விச் இராணுவக் கல்லூரியில் பீரங்கிப் படை மாணவர்களுக்கு வரையக் கற்றுக்கொடுத்தார். உங்கள் பென்சில் அந்த வழியில் வந்தது. நம் பக்கம் பார்த்தால், சென்னைப் படையின் பொறியாளர் காலின் மெக்கன்சி. 1815இல் இந்தியாவின் முதல் தலைமை நில அளவையர் ஆனவர். ஆந்திராவின் அமராவதிப் பௌத்தத் தூபியின் சிற்பங்களை அவர் அளந்து வரையவைத்தார். அவற்றில் பல கற்கள் பிறகு தொலைந்துவிட்டன, தாள்கள் இருக்கின்றன. தாகூர் ஓவியத்தில் தீவிரமாக இறங்கியதே அறுபதைத் தாண்டி. கையெழுத்துப்படியில் அடித்த சொற்களை ஒன்றோடொன்று இணைத்து உருவமாக்கத் தொடங்கியவர், 1930இல் பாரிஸில் கண்காட்சி வைத்தார். வயதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன்.

பென்சில் கோடு இருக்கட்டும். மை போடுவதை நிறுத்துங்கள். ஒரு படத்துக்கு மூன்று பாறைதான் என்று உங்களுக்கு நீங்களே ஆர்டர் போட்டுக்கொள்ளுங்கள். ஆர்டர் என்றால் கேட்பீர்கள் அல்லவா?

சிக்னல்ஸ்_நாயக்:

ராம் ராம் ஹவில்தார் சாப். ஓவியம் எனக்குத் தெரியாது. 4 மணிக்கு எழுவது படம் வரையவா, தூக்கம் வராமலா?

வேலூர்_கன்னர்:

நாயக் தம்பி, அது ஸ்டாண்ட்-டூ நேரம். பொழுது விடிகிற வேளையில்தான் எதிரி வருவான் என்று எல்லாரும் ஆயுதத்தோடு தயாராக நிற்கும் நேரம். உடம்பு இன்னும் அந்தக் கணக்கிலேயே இருக்கிறது. முன்பெல்லாம் எழுந்து திண்ணையில் சும்மா உட்கார்ந்திருப்பேன். இப்போது கிண்ணத்தில் தண்ணீர் பிடித்து வைத்துக்கொள்கிறேன்.

மாஸ்டர் ஐயா, ஆர்டர் நிறைவேற்றப்பட்டது. மூன்றே பாறை. இடது பக்கச் சரிவு முழுவதும் வெறும் தாள். வீட்டுக்காரி காப்பி கொண்டுவந்தவள் நின்று பார்த்துவிட்டு, “இங்கே ஏன் ஒன்றும் போடவில்லை?” என்றாள். பனி என்றேன். “குளிருமே” என்றாள்.

நீலா அம்மா, ஒரு தப்பு நடந்தது. பழக்கதோஷத்தில் நான்காவது பாறையையும் பென்சிலால் வரைந்துவிட்டு, ஞாபகம் வந்து ரப்பரால் அழுத்தித் தேய்த்தேன். தாள் சுத்தமாகத்தான் தெரிந்தது. நிழல் வண்ணம் ஓடியதும் அந்த இடம் மட்டும் கறுத்துக்கொண்டு, பாறை இருந்த அதே வடிவத்தில் நிற்கிறது. இதைப் போக்க வழி உண்டா?

நீர்வண்ணம்_நீலா:

இந்தத் தாளில் முழுதாகப் போகாது ஐயா. ரப்பர் தேய்த்ததில் தாளின் பசைப்பூச்சு உரிந்திருக்கும், அந்த இடம் வண்ணத்தைக் குடித்துவிட்டது. ஈரத் துணியால் ஒற்றினால் சற்று வெளிறும். அடுத்த முறை ரப்பரைத் தேய்க்காதீர்கள். மாவு போல் பிசையும் ரப்பர் கடையில் கிடைக்கும், அதை வைத்து ஒற்றி எடுங்கள். படத்தை இங்கே போடுங்களேன், பார்க்கலாம்.