பீரோவில் உறங்கும் அறுபத்து மூவர்

அரிசிப் பானைக்குள் புதுப் புடவையை ஒளித்து வைத்ததாக ஒரு வாசகச் சகோதரி எழுதியிருந்த அனுபவத்தைப் படித்த பிறகுதான், என் வீட்டுக் கதையையும் சொல்லிவிடும் துணிவு எனக்கு வந்தது. சென்ற ஆடி மாதம் வரை என்னிடம் 63 காஞ்சிபுரம் பட்டுப் புடவைகள் இருந்தன. என் கணவர் அவற்றுக்கு ‘அறுபத்து மூவர்’ என்று பெயர் சூட்டியிருந்தார். நாயன்மார்களாவது பங்குனியில் ஒரு நாள் மயிலாப்பூர் மாடவீதிகளில் வலம் வருகிறார்கள், உன் பீரோவில் இருப்பவர்களுக்கு அந்தப் பாக்கியம்கூட இல்லையே என்பது அவருடைய குறை.

குறை நியாயமானதுதான். உடலையும் கரையையும் கோர்வை போட்டு இணைத்து நெய்த, கனத்த சரிகைப் புடவையைச் சித்திரை வெயிலில் கட்டிக்கொண்டு, மின்விசிறிக் காற்று எட்டாத பந்தியில் பக்கத்து இலைக்காரர் ரசம் வாங்குவதைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பதற்குத் தனி நெஞ்சுரம் வேண்டும். எனக்கு அது கிடையாது. முகூர்த்தம் முடிந்ததும் மாற்றுப் புடவைக்கு மாறிவிடுவேன். எந்தப் புடவையை யார் வீட்டுத் திருமணத்துக்குக் கட்டினேன் என்பதை எழுதி வைக்க ஒரு குறிப்பேடே உண்டு, ஏனெனில் நாத்தனார் மறந்தாலும் அவர் வீட்டு ஆல்பம் மறக்காது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அத்தனையையும் எடுத்து, பழைய மடிப்பில் சரிகை இற்றுவிடாதபடி மாற்றி மடித்து, மல் வேட்டித் துணியில் சுற்றி வைப்பேன். சரிகை கறுத்துவிடும் என்பதால் அந்துருண்டை கூடாது, வசம்புதான். அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டில் சமையல் கிடையாது.

சென்ற ஆடியில், பழைய பட்டுப் புடவைகளை விலைக்கு எடுப்பவர் தெருவில் குரல் கொடுக்க, என் கணவர் எனக்கு முன்னால் வாசலுக்கு ஓடினார். பேரம் பேசிப் பேசி, ஒரே ஒரு புடவையைக் காட்டச் சம்மதித்தேன். அது 2011-இல் பெயர் சொல்ல விரும்பாத ஒரு கடையில் 38,000 ரூபாய் கொடுத்து வாங்கி, நல்ல நாள் ஒன்றுக்காகக் காத்து ஒருமுறைகூடக் கட்டாத புடவை. வந்தவர் முந்தானை ஓரத்தில் ஓர் இழையை உருவி, நகத்தால் மேற்சுற்றைப் பிரித்துக் காட்டினார்.

“அக்கா, அசல் சரிகைன்னா உள்ளே சிவப்புப் பட்டு நூல் இருக்கும், அதுமேலதான் வெள்ளியைச் சுத்தித் தங்க முலாம் கொடுப்பாங்க. இது வெள்ளை நூலு, மேலே செம்பு. இதை எடுத்து நான் என்ன செய்ய?”

நான் பேச்சற்று நிற்கையில் அவருடைய பார்வை, கூடத்தில் விளக்கேற்றிக்கொண்டிருந்த என் மாமியாரின் மேல் சென்றது. மாமியார் கட்டியிருந்தது, நிறம் வெளுத்து, இரண்டு இடத்தில் இழையோட்டித் தைத்த அவருடைய கூறைப் புடவை. அதற்கு வந்தவர் ஒன்பதாயிரம் தருவதாகச் சொன்னார்.

“தினமும் இதைக் கட்டிக்கிட்டுத்தான் விளக்கேத்துறேன், தம்பி. கொடுக்கிறதுக்கில்லை” என்று சொல்லிவிட்டு மாமியார் திரியைத் தூண்டினார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

அடுத்த வாரம் ஆடித் தள்ளுபடிக்கு, கைப்பையில் ஊசியும் கணவரின் பூதக்கண்ணாடியும் எடுத்துக்கொண்டு போனேன். குஞ்சம் முடியாத முந்தானை நுனியில் ஓர் இழையைப் பிரித்து நான் லென்ஸை வைத்துப் பார்க்க, விற்பனைப் பெண் மேலாளரை அழைத்துவிட்டாள். ஆனால் நூல் செக்கச்செவேலென்று சிவப்பு! அந்த மகிழ்ச்சியில் விலைச் சீட்டைக்கூடச் சரியாகப் பார்க்காமல் வாங்கிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து குறிப்பேட்டில் பதியும்போதுதான் தெரிந்தது, மயில் கழுத்து நிறமும் அரக்குக் கரையுமாக 17-ஆம் எண்ணிலும் 41-ஆம் எண்ணிலும் அதே புடவை ஏற்கெனவே இருக்கிறது.

தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்த கணவர், “அறுபத்து மூவரில் சேராத மாணிக்கவாசகரும் எழுந்தருளிவிட்டாரா?” என்று கேட்டுக் கைகூப்பினார்.