தலைக்கு மேலே தொங்கும் மைக்: தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்

பழைய டிவிடி ஒன்றில் படம் பார்த்தேன். சாப்பாட்டு மேசைக் காட்சியில் நாயகியின் தலைக்கு மேல் கறுப்பாக ஒரு மைக் எட்டிப் பார்க்கிறது. அவர் பேசி முடித்ததும் மெல்ல அடுத்தவர் பக்கம் நகர்கிறது! அப்புறம் வசனம் எங்கே காதில் விழும்?

35 மி.மீ. பிலிமில் 1.37:1 அகல-உயர விகிதத்தில் பதிவானதை, தியேட்டரில் மேலும் கீழும் மறைத்து 1.85:1 ஆகக் காட்டுவார்கள். 4:3 டிவிக்காக அந்த மறைப்பை எடுத்தால் மைக், டிராலி தண்டவாளம் எல்லாம் வெளியே வரும். அதுவரை தெரியும்.

விஎல்சி வீடியோ பிளேயரில் மேலும் கீழும் வெட்டி 1.85:1க்கு கிராப் செய்து பார்த்தேன். மைக் போனது, சரி. ஆனால் கிராஃபிக்ஸ் காட்சிகளில் நெற்றியும் சேர்ந்து போய்விட்டது. அந்தக் காட்சிகள் மட்டும் 1.85:1இலேயே உருவாக்கப்பட்டு, 4:3க்காகப் பக்கவாட்டில் வெட்டப்பட்டவையா? தியேட்டர் பிரதி கையில் இல்லாமல் இதை எப்படி உறுதி செய்வது?