தேடாமலே வந்து மாட்டிய பரிந்துரை: உங்களுக்கு நடந்திருக்கிறதா?

அரைத்தூக்கம்:
வீடியோ தளத்தில் பள்ளி என்று அடிக்கப் போய் பல்லி என்று அடித்துவிட்டேன். கணக்குப் பாடம் வர வேண்டிய இடத்தில் ஒரு பல்லி கண்ணாடியில் ஏறுகிறது. கேமரா கண்ணாடிக்கு அந்தப் பக்கம், பாதத்துக்கு நேர் எதிரே. வைக்கும்போது விரல் தட்டையாகப் படிகிறது. எடுக்கும்போது நுனியிலிருந்து சுருட்டி உரித்துக்கொள்கிறது. பசையே கிடையாதாம். டோக்கே வகைப் பல்லிக்கு ஒரு பாதத்தில் மட்டும் சுமார் 5 லட்சம் நுண்மயிர்கள். பிடிப்பெல்லாம் வான் டெர் வால்ஸ் விசை, அதாவது மிக நெருங்கிய மூலக்கூறுகள் ஒன்றையொன்று இழுக்கும் மெல்லிய விசை. பாடத்தை மறந்து அந்த விரலையே நாலைந்து தடவை ஓட்டிப் பார்த்தேன். அப்புறம் மூன்று வாரம் பல்லி, ஓணான், உடும்பு. ஒன்றுகூட அந்த விரல் மாதிரி இல்லை.

நேர்கோடு:
இதில் பரிந்துரைக்கு என்ன பெருமை? உங்கள் எழுத்துப்பிழை வைத்த விருந்து அது. நான் நாற்காலி வாங்கிய பிறகு ஒரு மாதம் நாற்காலியாகவே வந்தது, என் அனுபவம் அதோடு சரி. இந்தப் பரிந்துரை அமைப்புகளைப் பழக்கியதே அப்படி. நெட்ஃபிளிக்ஸ் 2006-இல் 10 லட்சம் டாலர் பரிசு அறிவித்தது எதற்கு? ஒருவர் ஒரு படத்துக்கு எத்தனை நட்சத்திரம் போடுவார் என்று கணிப்பதில் வரும் பிழையை 10 சதவீதம் குறைக்க. 2009-இல் பரிசையும் கொடுத்தார்கள். பார்த்தவர் ஆச்சரியப்பட்டாரா என்பதற்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை. சில அமைப்புகள் வேண்டுமென்றே கொஞ்சம் சம்பந்தமில்லாததையும் கலந்துவிடும், தொடுகிறீர்களா என்று பார்க்க. தொடாவிட்டால் போச்சு. ஆகவே பார்வை வரலாற்றை மாதம் ஒருமுறை அழியுங்கள். தானாக அடுத்தது ஓடுவதை நிறுத்துங்கள். உங்கள் பயனர் கணக்கில் நுழையாமலும் தேடிப் பழகுங்கள்.

மொட்டைமாடி:
தொடாவிட்டால் போச்சு என்றீர்களே, அதுதான் என் கதை. பாட்டுச் செயலி போட்டுத் தரும் வாரப் பட்டியலில் என்ன மொழி என்றே தெரியாத ஒரு பாட்டு. பெண் குரல், பின்னால் யாரோ கைதட்டுகிறார்கள், தட்டு ஒவ்வொன்றும் தாளத்துக்குக் கொஞ்சம் பிந்தியே விழுகிறது. 20 விநாடி கேட்டிருப்பேன். பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவள் ஈரக்கையோடு அடுத்ததுக்குத் தள்ளிவிட்டேன். ராத்திரி படுத்த பிறகுதான் அந்தக் கைதட்டல் திரும்ப வந்தது. இரண்டு வருடமாகிறது, பட்டியல் அதை மறுபடி கொடுக்கவே இல்லை. எனக்குப் பிடிக்கவில்லை என்று குறித்துக்கொண்டிருக்கும்.

நேர்கோடு:
வரலாற்றில் தேடினீர்களா? தேதி தெரிந்தால் ஐந்து நிமிட வேலை.

மொட்டைமாடி:
அந்த வாரம்தான் அழித்திருந்தேன். மாதம் ஒருமுறை அழிக்கச் சொல்லி உங்களை மாதிரி யாரோ எழுதியிருந்தார்கள்.