புதுப்பிப்பு: ஒரு 18 இன்ச்சா, இரண்டு 12 இன்ச்சா? வாங்கியாச்சு

சின்ன ஹால் நிகழ்ச்சிகளுக்கு ஒரே 18 இன்ச் சப்வூஃபரா (பேஸ், அதாவது தாழ்ந்த ஒலியை மட்டும் தரும் ஸ்பீக்கர் பெட்டி), இரண்டு 12 இன்ச்சா என்று இங்கே கேட்டிருந்தேன். பெரும்பாலானவர்கள் 18 என்றீர்கள். நான் இரண்டு 12 இன்ச் எடுத்துவிட்டேன். காரணம் சத்தமல்ல, படிக்கட்டு. தனி ஆளாகத் தூக்க முடியாத பெட்டி எவ்வளவு அதிர்ந்தாலும் எனக்கு உதவாது.

முதலில் மேடையின் இரு பக்கமும் பிரித்து வைத்துப் பார்த்தேன். நடுவில் நின்றால் கிக் டிரம்மின் அடி நெஞ்சில் இடிக்கிறது. கொஞ்சம் பக்கவாட்டில் தள்ளி நின்றால் ஆளையே காணோம். இரண்டு பெட்டிகளின் அலைகளும் சில இடங்களில் ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. சரி என்று இரண்டையும் ஒட்டி வைத்தேன். ஆடும் இடம் முழுக்க பேஸ் சீராகிவிட்டது. ஒற்றைப் பெட்டியைவிட ஏறத்தாழ 6 டெசிபல் கூடுதலாகவும் கிடைக்கிறது.

கிராஸ்ஓவர், அதாவது சப்வூஃபருக்கும் மற்ற ஸ்பீக்கர்களுக்கும் ஒலியைப் பிரிக்கும் எல்லை, 90 ஹெர்ட்ஸில் இருக்கிறது. 120-க்கு ஏற்றினால் பேஸ் எந்த மூலையிலிருந்து வருகிறது என்று காது பிடித்துவிடுகிறது. குரலும் மற்ற ஒலிகளும் வரும் டாப் ஸ்பீக்கர்களுக்கு ஹை-பாஸ் (தாழ்ந்த ஒலியை வெட்டும் வடிகட்டி) போட்டதும் மைக் குரலும் தெளிந்தது, இது எதிர்பாராத லாபம்.

35 ஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்கும் பாட்டுகளில் 18 இன்ச்தான் ராஜா, மறுக்கவில்லை. திறந்தவெளி நிகழ்ச்சி வந்தால் அதை வாடகைக்கு எடுத்துக்கொள்வேன்.