தைக் கல்யாணத்துக்குள்ள லேசர் முடியுமா?

குழு: பாலக்கோடு தாத்தா வீடு
ஆவணி முதல் ஞாயிறு, ராத்திரி

8:06 அம்மா: பவி கல்யாணம் தை 22-ன்னு முடிவாயிடுச்சு. பரு போயும் கன்னத்துல குழி அப்படியே நிக்குது. கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டுல ஒரு நோட்டீஸ் குடுத்தாங்க, லேசர்ல ஒரே சிட்டிங்ல தழும்பு காணாம போயிடுமாம். போயிடலாமா? டாக்டரம்மா பார்த்துச் சொல்லு கண்ணு

8:11 டாக்டர் அண்ணி: ஒரே சிட்டிங்குன்னு போட்டிருந்தா அந்த நோட்டீஸ்ல கடலை மடிச்சுக்கங்க சின்னத்தை. லேசர் தழும்பை அழிக்காது. குழி ஓரத்தை மழுக்கும், அடியில புதுசா கொலாஜன், அதாவது தோலைத் தாங்குற புரதம், வளர வைக்கும், அதனால ஆழம் குறையும். மூணு நாலு சிட்டிங் முடிஞ்சு பாதி குறைஞ்சாலே நல்ல பலன்.

8:12 டாக்டர் அண்ணி: முதல்ல அது குழியா கறையான்னு பாக்கணும். பவி, ரூம் லைட்டை அணைச்சிட்டு போன் டார்ச்சை கன்னத்துக்குப் பக்கவாட்டுல பிடி. நிழல் விழுந்தா குழி. நிழலே இல்லாம கருப்பா மட்டும் தெரிஞ்சா அது கறை, அதுக்கு இந்த லேசர் வேண்டாம். சன்ஸ்கிரீனும் கிரீமும் போட்டா சில மாசத்துல மங்கிடும்.

8:19 பவித்ரா: நிழல் விழுது அண்ணி. ஆனா எல்லாம் ஒரே மாதிரி இல்ல

8:24 டாக்டர் அண்ணி: இருக்காது. மூணு ஜாதி இருக்கு. குண்டூசி குத்தின மாதிரி, வாய் 2 மில்லிமீட்டருக்குள்ள, ஆழமா இறங்கினா ஐஸ்பிக். அம்மைத் தழும்பு மாதிரி ஓரம் செங்குத்தா வெட்டி, அடி தட்டையா இருந்தா பாக்ஸ்கார். ஓரமே தெரியாம மேடும் பள்ளமுமா அலை அலையா இருந்தா ரோலிங். தோலை ரெண்டு விரலால இழுத்துப் பாரு. ரோலிங்கா இருந்தா இழுக்கும்போது மறைஞ்சிடும், ஐஸ்பிக் மறையாது.

8:30 பவித்ரா: கன்னத்துல அலை மாதிரி, இழுத்தா போயிடுது. மூக்கு ஓரம் மட்டும் ஊசிக் குத்து, ஏழெட்டு இருக்கும். நெத்திப் பொட்டுல அம்மை மாதிரி நாலஞ்சு

8:37 டாக்டர் அண்ணி: அப்ப உனக்கு லேசர் மட்டும் போட்டா காசு போச்சுன்னுதான் சொல்வேன். ரோலிங் ஏன் பள்ளமாகுதுன்னா, மெத்தைல அங்கங்க தையல் போட்டு இழுத்துக் கட்டுவாங்களே, அதே மாதிரி தோலுக்கு அடியில நார் பிடிச்சு இழுக்குது. மேல எத்தனை லேசர் போட்டாலும் அந்த நார் அறுபடாது. மரப்பு ஊசி போட்டு, தோலுக்கு அடியில ஊசியை நுழைச்சு நாரை அறுத்து விடணும். இதுக்குப் பேரு சப்சிஷன். ஒரு வாரம் ரத்தம் கட்டி நீலமா இருக்கும்.

ஐஸ்பிக்குக்கு லேசர் அந்த ஆழத்துக்கு எட்டாது. 70-லேர்ந்து 100 சதவீத டிசிஏ ஆசிட்டை பல்குச்சி நுனியில தொட்டு, குழிக்குள்ள மட்டும் வைக்கணும். சில நொடியில வெள்ளையா பூக்கும், அப்புறம் பொருக்கு கட்டி விழும். மாசத்துக்கு ஒருக்கா, மூணு நாலு தடவை. நெத்திப் பொட்டுல இருக்கிற பாக்ஸ்காருக்குத்தான் லேசர் நல்லா வேலை செய்யும்.

8:39 மெடிக்கல் மாமா: அந்த ஆசிட் ஆன்லைன்ல கிடைக்குதுன்னு வாங்கி வீட்ல யாரும் தொடாதீங்க. குழிக்கு வெளிய ஒரு சொட்டு வழிஞ்சா அங்க புதுசா ஒரு தழும்பு.

8:43 அரூர் பெரியம்மா: இதுக்குப் போய் ஏன் இவ்ளோ. எலுமிச்சம்பழம் தேனும் மஞ்சளும் குழைச்சுப் போட்டா சரியாயிடும்

8:45 டாக்டர் அண்ணி: அத்தை, மஞ்சள் மேல் தோல்ல நிக்கும், பள்ளம் அதுக்கும் கீழ. எலுமிச்சைச் சாறு பட்ட தோல் வெயில்ல போனா வெந்து கருத்துடும். சாதத்துல பிழிஞ்சுக்கலாம், முகத்துல வேண்டாம்.

8:46 அரூர் பெரியம்மா: சரி சரி. நலங்குக்காவது மஞ்சள் வைப்பீங்களா

8:46 டாக்டர் அண்ணி: அதுக்குள்ள ஆறிடும் அத்தை, தாராளமா வைக்கலாம்

8:52 அம்மா: லேசர்னா என்னதான் பண்ணுவாங்க? தோலை உரிப்பாங்களா?

8:58 டாக்டர் அண்ணி: பழைய முறையில மேல் தோலையே மொத்தமா எடுத்தாங்க. நம்ம நிறத்துக்கு அது ஆபத்து. 2004-ல ஃபிராக்‌ஷனல் முறை வந்துச்சு. நாத்து நடற மாதிரி இடம் விட்டு இடம் விட்டு, முடி தடிமனுக்கு நூத்துக்கணக்கான புள்ளி. நடுவுல விட்ட நல்ல தோல்லேர்ந்துதான் புள்ளி எல்லாம் சீக்கிரம் மூடும். சிஓ2 லேசரோட அலைநீளம் 10,600 நானோமீட்டர். தோல்ல இருக்கிற தண்ணி அதை உறிஞ்சி ஆவியாகும், அந்த இடம் சன்னமா துளை விழும். எர்பியம் யாக் 2,940, சூடு கொஞ்சம் கம்மி. எர்பியம் கிளாஸ் 1,540 இல்லன்னா 1,550, அது துளையே போடாம அடியில சூடு மட்டும் குடுக்கும். புண் இருக்காது, ஆனா சிட்டிங் கூடுதலா வேணும்.

9:04 டாக்டர் அண்ணி: மெஷின் பேரை விட அதுல வைக்கிற ரெண்டு எண்தான் முக்கியம். எனர்ஜி கூட்டினா துளை ஆழமாகும். டென்சிட்டி கூட்டினா புள்ளி நெருக்கமாகும். நம்ம மாநிறத் தோல்ல கருத்துப் போறது பெரும்பாலும் நெருக்கத்தாலதான். புள்ளி நெருங்க நெருங்க, நடுவுல தப்பிச்ச தோலும் சேர்ந்து வேகும். ஒரே இடத்துல ரெண்டு மூணு சுத்து ஓட்டினாலும் அதே கதை. அதனால ஆழத்தைக் குடுத்து நெருக்கத்தைக் குறைச்சு, சிட்டிங்கைக் கூட்டுவோம். ஒரே சிட்டிங்ல முடிச்சுத் தரேன்னு சொல்றவங்க இதுக்கு நேர் எதிரா நெருக்கத்தைத்தான் கூட்டணும். அந்த நோட்டீஸ் மேல எனக்குக் கோவம் அதான்.

9:07 லேசர் அக்கா: அண்ணி சொல்றதோட இன்னொண்ணு சித்தி. எந்த இடமா இருந்தாலும் லேசர் பிடிக்கிறவங்க யாருன்னு கேளுங்க. தோல் சிறப்பு படிச்ச டாக்டரா, தமிழ்நாடு மருத்துவ கவுன்சில் பதிவு எண் இருக்கான்னு பாருங்க. அப்புறம் காதோரமா ஒரு சின்ன இடத்துல டெஸ்ட் ஸ்பாட் போடச் சொல்லுங்க. நாலு வாரம் பார்த்துட்டு அது கருக்கலன்னாதான் முழு முகம். டெஸ்ட் எல்லாம் தேவையில்லன்னு சொன்னா எந்திரிச்சு வந்துடுங்க.

9:10 பவித்ரா: நான் பருவுக்குப் போட்ட ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை முடிச்சு ரெண்டு மாசம்தான் ஆகுது. லேசருக்கு முன்னாடி ஆறு மாசம் விடணும்னு சொல்றாங்களே?

9:14 டாக்டர் அண்ணி: முன்னாடி அப்படித்தான் சொன்னோம். 2017-ல நிபுணர்கள் பழைய ஆய்வு எல்லாத்தையும் திரும்பப் பார்த்துட்டு, ஃபிராக்‌ஷனலுக்கு அவ்வளவு காத்திருக்கத் தேவையில்லன்னு சொல்லிட்டாங்க. மேல் தோலை மொத்தமா எடுக்கிற லேசருக்கு மட்டும் இப்பவும் வேண்டாம். எதுக்கும் மாத்திரை சீட்டை எடுத்துட்டு வா. வாயோரம் அக்கி மாதிரி கொப்புளம் எப்பவாவது வந்திருக்கா? காது குத்தின இடம், தோள்ல பிசிஜி (காசநோய்த் தடுப்பு) ஊசி போட்ட இடம் தடிச்சு வளர்ந்திருக்கா?

9:16 பவித்ரா: தடிப்பு இல்ல. வாயோரக் கொப்புளம் ரெண்டு மூணு தடவை வந்துருக்கு

9:18 டாக்டர் அண்ணி: நல்லவேளை கேட்டேன். அந்தக் கொப்புளம் ஹெர்பிஸ் வைரஸால வர்றது. லேசர் சூட்டுல அது முழிச்சா முகம் பூரா பரவி புதுத் தழும்பாயிடும். அந்த வைரஸை அடக்குற வேலாசைக்ளோவிர் மாத்திரையை லேசருக்கு முந்தின நாளே ஆரம்பிச்சு, தோல் மூடுற வரைக்கும் போடணும். அளவு நான் எழுதித் தரேன், நீயா வாங்காதே. புதுப் பரு ஏதும் இப்ப வருதா?

9:19 பவித்ரா: தாடைல ஒண்ணு ரெண்டு

9:21 டாக்டர் அண்ணி: அதை முதல்ல அடக்கணும். பரு வந்துட்டே இருந்தா, ஒரு பக்கம் குழி மூட மூட இன்னொரு பக்கம் புதுக்குழி. பருவுக்கு ஓசூர் வரைக்கும் என்கிட்ட வர முடியலன்னா தருமபுரி மெடிக்கல் காலேஜ் தோல் ஓபியிலயே காட்டலாம்.

9:25 மெடிக்கல் மாமா: கல்யாணம் ஆகப் போற புள்ளைங்கிறதால சொல்றேன். ஐசோட்ரெட்டினாயின் திரும்ப எழுதினாங்கன்னா, நிறுத்தி ஒரு மாசமாவது ஆகாம கர்ப்பம் ஆகக் கூடாது. குழந்தைக்கு ஊனம் வரும். இன்னொண்ணு, பளிச்சுனு ஆக்குதுன்னு அக்கம்பக்கத்துல சொல்ற டியூப் கிரீம் ஏதாவது போடுறியா? அதுல ஸ்டீராய்டு கலந்திருக்கும். தோலை மெலிய வச்சிடும், அது மேல லேசர் போட்டா ஆறாது.

9:27 பவித்ரா: அம்மா ஒண்ணு வாங்கிக் குடுத்தாங்க

9:27 அம்மா: பால்காரம்மா மகளுக்கு நல்லா இருந்துச்சே

9:28 மெடிக்கல் மாமா: படம் எடுத்துத் தனியா அனுப்பு பவி. படக்குனு நிறுத்தினாலும் முகம் சிவந்து பொங்கும். எப்படி விடணும்னு அண்ணியைக் கேட்டுட்டு விடு. உங்கம்மாவை நான் அப்புறம் கவனிச்சுக்கறேன்.

9:33 அம்மா: சரிண்ணா, திட்டாதீங்க. தை வரைக்கும் முடியுமா, அதைச் சொல்லுங்க

9:40 டாக்டர் அண்ணி: பின்னாலேர்ந்து எண்ணுவோம். தை 22-ன்னா கடைசி சிட்டிங் கார்த்திகைக்குள்ள முடியணும். மார்கழி பொறந்துட்டா முகத்துல எதுவும் தொட மாட்டேன். கருத்துச்சுன்னா மூணு நாலு வாரம் கழிச்சுத்தான் தெரியும், அதை மங்க வைக்கவும் நாள் வேணும். சிட்டிங்குக்கு நடுவுல ஆறு வாரம். இந்த வாரம் டெஸ்ட் ஸ்பாட், சன்ஸ்கிரீன் ஆரம்பம், ராத்திரிக்கு ஒரு கிரீம். புரட்டாசி மொத வாரம் சப்சிஷனும் லேசரும். ஐப்பசில ரெண்டாவது, ஆனா தீபாவளிக்கு பத்து நாள் தள்ளி வச்சுக்கலாம், எண்ணெயும் மத்தாப்புப் புகையும் பச்சைப் புண்ணுல வேண்டாம். கார்த்திகை கடைசில மூணாவது. கொலாஜன் மூணுலேர்ந்து ஆறு மாசம் வரைக்கும் வளரும், அதனால முழுப் பலன் கல்யாண ஆல்பத்துல வராது. மிச்சம் இருந்தா சித்திரைக்கு மேல பாக்கலாம்.

9:46 லேசர் அக்கா: பவி, அன்னைக்கு எப்படி இருக்கும்னு சொல்லிடறேன். மேக்கப், கண் மை, மூக்குத்தி இல்லாம வா. முகம் கழுவி மரப்பு கிரீம் கெட்டியாப் பூசி மேல பிளாஸ்டிக் தாள் ஒட்டுவாங்க, 45 நிமிஷத்துலேர்ந்து ஒரு மணி நேரம். நேரம் மிச்சம்னு வீட்லயே டியூப் முழுசா பூசிட்டு வந்துடாதே. உதடு மதமதன்னு இருந்தாலோ, வாயில இரும்பு ருசி வந்தாலோ, காது ரீங்காரம் கேட்டாலோ உடனே சொல்லணும், மருந்து ரத்தத்துல ஏறுதுன்னு அர்த்தம். அப்புறம் கிரீமைச் சுத்தமா துடைப்பாங்க. ஸ்பிரிட்ல துடைச்சா நல்லா உலர விடணும், ஈரத்தோட சிஓ2 லேசர் போட்டா தீப்பிடிக்கும்.

9:51 லேசர் அக்கா: கண்ணுக்கு மூடி போட்டதுக்கு அப்புறம்தான் மெஷின் ஆன். சுருக் சுருக்குனு சூடா சுண்டும், முடி கருகுற வாசனை வரும், பயப்படாதே. மூக்கோரமும் மேல் உதடும்தான் அதிகம் தெரியும். லேசர் ஓடுறது இருபது நிமிஷம் போல. முடிஞ்சப்புறம் மொளகாய் அரைச்ச கை பட்ட மாதிரி ஒண்ணு ரெண்டு மணி நேரம் எரியும், ஐஸ் பேக் வைப்போம்.

முதல் நாள் சிவந்து நீர் கசியும். மறுநாள் காலைல கண்ணைச் சுத்தி வீங்கும், ரெண்டு தலையாணி வச்சுப் படு. மூணாம் நாள் தொட்டா ரவை மாதிரி சொரசொரன்னு, பார்த்தா காப்பித்தூள் தூவின மாதிரி இருக்கும். அதான் பொருக்கு. அஞ்சாறு நாள்ல தானா உதிரும். அரிக்கும், ஆனா நகம் வைக்காதே. ஒரு பொருக்கை நீ பிச்சா அந்த இடம் கருக்கும், இல்ல குழியே விழும்.

9:54 பவித்ரா: வேலைக்கு எப்ப போகலாம்?

9:57 லேசர் அக்கா: ஏழு நாள் லீவு போடு. வண்டி ஓட்டாதே, ஹெல்மெட் பஞ்சு சரியா கன்னத்துல உரசும், பட்டை தாடையை அறுக்கும். பஸ்ல வா. காவேரிப்பட்டணத்துலேர்ந்து கிருஷ்ணகிரி வந்து ஓசூர் பஸ் ஏறினா இடது பக்க சீட்டு. காலைல போகும்போது வெயில் வலப்பக்கம், சாயங்காலம் திரும்பும்போதும் வலப்பக்கம்தான். ஜன்னல் கண்ணாடி புற ஊதாவை முழுசா தடுக்காது.

10:02 டாக்டர் அண்ணி: சன்ஸ்கிரீன் பொருக்கு உதிர்ந்ததுக்கு அப்புறம்தான், பச்சைப் புண்ணுல போடாதே. அதுவரைக்கும் வீட்டுக்குள்ள இரு, வெளிய வந்தா குடையும் துப்பட்டாவும். அப்புறம் ஆள்காட்டி விரல், நடுவிரல் ரெண்டு நீளத்துக்குப் பிதுக்கி முகம் கழுத்துக்கு. நிறைய பேர் கடலைப்பருப்பு அளவு தடவிட்டு வேலை செய்யலன்னு சொல்வாங்க. ரெண்டு மூணு மணி நேரத்துக்கு ஒருக்கா மறுபடி. அயர்ன் ஆக்சைடு கலந்த, தோல் நிறத்துல இருக்கிற சன்ஸ்கிரீனா வாங்கு. கண்ணுக்குத் தெரியற வெளிச்சமே நம்ம தோலைக் கருக்கும், வெள்ளை கிரீம் அதைத் தடுக்காது.

10:04 டாக்டர் அண்ணி: மூணாம் நாளுக்கு அப்புறம் வலி குறையாம ஏறினாலோ, மஞ்சளா சீழ் வச்சாலோ, கொத்தா சின்னக் கொப்புளம் வந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்னைக்கே போன் பண்ணு. ராத்திரின்னு பாக்காதே.

10:07 அம்மா: காப்பீட்டுல வருமா கண்ணு?

10:08 டாக்டர் அண்ணி: அழகு சிகிச்சைன்னு சொல்லிப் பெரும்பாலும் தர மாட்டாங்க சின்னத்தை. எங்க போனாலும் மரப்பு கிரீம், சப்சிஷன், மறுபடி பாக்கிற பீஸ் எல்லாம் சேர்த்தா தனியான்னு முன்னாடியே கேட்டுக்கங்க. பவி, நாளைக்குக் காலைல ஜன்னலோரம் நின்னு மூணு போட்டோ எடுத்து அனுப்பு. ஃபில்டர் இல்லாம. நேரா ஒண்ணு, ரெண்டு கன்னமும் ஒண்ணொண்ணு. ஒவ்வொரு சிட்டிங்குக்கும் அதே ஜன்னல், அதே நேரம். இல்லன்னா குறைஞ்சுதா இல்லையான்னு சண்டைதான் வரும்.

10:09 பவித்ரா: சரி அண்ணி. செவ்வாய்க்கிழமை வரட்டுமா?

10:10 டாக்டர் அண்ணி: பத்தரைக்கு வா. சாப்பிட்டுட்டு வா, டெஸ்ட் ஸ்பாட்டுக்கு வெறும் வயிறு வேண்டாம்.

10:13 மெடிக்கல் மாமா: புண்ணுக்குப் போட வெள்ளை பெட்ரோலியம் ஜெல்லி நான் எடுத்து வைக்கிறேன். வாசனை, கலர் போட்டது வேண்டாம். கொதிச்சு ஆறின தண்ணியில முகம் கழுவி, ஒத்தி எடுத்து, ஒரு நாளைக்கு நாலஞ்சு தடவை மெல்லிசா. சாதாரண புண் ஆயின்மென்ட் வீட்ல இருக்குன்னு தடவாதே, சிலதுல நியோமைசின்ங்கிற ஆன்டிபயாடிக் கலந்திருக்கும், சிலருக்கு அதுவே அலர்ஜியாகும். வெள்ளிக்கிழமை சந்தைக்கு வர்றப்ப கடைக்கு வாங்கம்மணி, அந்த டியூப் கிரீமையும் கையில கொண்டு வாங்க.

10:14 அம்மா: கொண்டு வர்றேன்ண்ணா