உங்கள் வீட்டுப் பரணில் என்ன தூங்குகிறது? விலையோடு சொல்லவும்

டபராசெட்:
போன மாதம் கிரகப்பிரவேசம் முடிந்து வந்த பரிசுகளை உட்கார்ந்து பிரித்தோம். நாலு சுவர்க் கடிகாரம், மூன்று ஹாட் பேக், ரெண்டு பிள்ளையார். இதெல்லாம் வழக்கமான வரவு, குறை சொல்ல மாட்டேன். கடைசியில் ஒரு கறுப்புப் பெட்டி, கணவரின் ஆபீஸ் ஆட்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு வாங்கியது. திறந்தால் ஒரு கப். ஒரே ஒரு கப்! அடியில் பேட்டரி, சார்ஜ் ஏற்ற ஒரு தட்டு, போனில் இறக்கிக்கொள்ள ஒரு ஆப். காபியை 57 டிகிரியிலேயே வைத்திருக்குமாம். விலையைத் தேடிப் பார்த்தேன், பன்னிரண்டாயிரத்துச் சொச்சம்.

எங்கள் வீட்டில் காபி என்றால் டபரா செட்தான். டம்ளரிலிருந்து டபராவுக்கு, டபராவிலிருந்து டம்ளருக்கு என்று ரெண்டு ஆற்று ஆற்றினால்தான் வாயில் வைக்க முடியும். காபியை ஆற்றுவதற்கென்றே தனியாக ஒரு பாத்திரம் வைத்துக்கொண்டிருக்கிறவர்களிடம், ஆறவே விடாத பாத்திரத்தைக் கொண்டுவந்து கொடுத்தால் என்ன செய்வது? சரி, ஆசைக்கு ஒரு நாள் ஊற்றிப் பார்ப்போம் என்று ஆப்பைத் திறந்தேன். புளூடூத்தைப் போடச் சொன்னது. கப்புக்கு ஒரு பெயர் வைக்கச் சொன்னது (வைத்தேன், என் பெயரையே). அப்புறம் சாஃப்ட்வேர் அப்டேட் இருக்கிறது, காத்திருக்கவும் என்றது. டிகாக்‌ஷன் இறங்கி, பால் பொங்கி, காபி கலந்து, மாமியார் குடித்து டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தும் விட்டார், அப்டேட் நாற்பது சதவீதத்தில் நிற்கிறது. "காபி குடிக்கவுமா கரண்டு?" என்று கேட்டுவிட்டு அவர் சீரியல் பார்க்கப் போய்விட்டார்.

இந்த மாதிரி உங்கள் கதைகளையும் சொல்லுங்கள். ஒரே நிபந்தனை, விலையை மறைக்கக் கூடாது.

நெல்லைக்காரன்:
நான் எப்போதாவது ரெண்டு பெக் போடுவேன் என்பது எத்தனை பேருக்குத் தெரியும் என்பதை எனக்கு வருகிற பிறந்தநாள் பரிசுகளைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். துபாயிலிருந்து மச்சான் கொண்டுவந்தது, மரப்பெட்டி, உள்ளே வெல்வெட் மெத்தை, அதில் ஒன்பது கற்கள், எடுக்க ஓர் இடுக்கி. நம்மூர்ப் பணத்துக்கு மூவாயிரத்து ஐந்நூறு. கல்லை ஃப்ரீசரில் வைத்து விஸ்கியில் போட்டால் தண்ணீர் சேராமல் குளிருமாம்.

குளிரவில்லை. பள்ளிக்கூடத்துப் பிசிக்ஸ் தெரிந்தவர்கள் யோசித்துப் பாருங்கள். ஒரு கிராம் ஐஸ் உருகுவதற்கு மட்டும் 334 ஜூல் வெப்பத்தை இழுத்துக்கொள்ளும், ஐஸ் குளிர வைப்பதே உருகுவதால்தான். கல் உருகாது. ஃப்ரீசரிலிருந்து வந்த அந்த ஒரு கிராம் கல் கிளாசுக்குள் இருபது டிகிரி சூடேறுவதற்குள் ஏதோ இருபது ஜூல் இழுத்தால் பெரிது. அதாவது ஐஸின் வேலையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மீதி எல்லாம் வெல்வெட்டின் விலை. கிளாசைச் சாய்த்தால் கல் மொத்தமும் வந்து முன்பல்லில் மோதுகிறது, அது வேறு.

இப்போது கற்கள் என் மகளிடம் இருக்கின்றன. சொட்டாங்கல் ஆடுகிறாள். அஞ்சு கல் ஆட்டத்துக்கு, நாலு ஸ்பேர். கொடுத்த காசுக்கு அவள்தான் ஆடித் தீர்க்கிறாள்.

பி.கு: உலக உருண்டை வடிவில், உள்ளே கண்ணாடிக் கப்பல் மிதக்கிற டிகேண்டர் (விஸ்கி ஊற்றி வைக்கிற குடுவை) ஒன்றும் உண்டு. கப்பலைச் சுற்றிக் கழுவ எந்தப் பிரஷ்ஷும் நுழையாது. அதைப் பற்றித் தனியாக அழ வேண்டும்.

மாவுக்கரண்டி:
என்னுடையது பதினாறாயிரம், நான்தான் ஜெயிப்பேன் என்று நினைக்கிறேன். தோசை மெஷின்.

மகள் பெங்களூரில் முதல் சம்பளம் வாங்கியதும் அனுப்பினாள். பார்க்க ஜெராக்ஸ் மெஷின் மாதிரி இருக்கும். மேலே ஒரு தொட்டியில் மாவை ஊற்ற வேண்டும், உள்ளே ஓர் உருளை சூடாகிச் சுற்றும், மாவு அதில் ஒட்டி வெந்து இந்தப் பக்கம் தோசையாக வெளியே வழுக்கிக்கொண்டு வரும். வட்டமாக வராது, நாலு மூலையும் இருக்கும். முதல் நாள் தெருவே வந்து பார்த்தது. பக்கத்து வீட்டுப் பையன் "ரெண்டு பக்கமும் பிரிண்ட் எடுக்குமா அங்கிள்?" என்று கேட்டான்.

பிரச்சினை மாவில். மெஷினுக்கு மாவு ஒரே பதத்தில் இருக்க வேண்டும். நம் வீட்டு மாவோ திங்கட்கிழமை ஒரு பதம், செவ்வாய்க்கிழமை ஒரு பதம், புதன்கிழமை புளித்துப் பொங்கி ஊத்தப்பம் ஆகி, வியாழக்கிழமை பணியாரக் குழியில் போய் முடியும். கெட்டியாக இருந்தால் மெஷின் பாதித் தோசையைத் துப்பிவிட்டு நின்றுவிடும், நீர்க்க இருந்தால் ஒழுகி அடியில் காய்ந்து ஒட்டிக்கொள்ளும். ஒட்டினதைச் சுரண்ட என் மனைவி கத்தரிக்கோல், பழைய டூத் பிரஷ், ஹேர்பின் எல்லாம் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு ராத்திரி நாங்கள் சாப்பிட்டது பிரெட். பக்கத்திலேயே 2011க்கு அப்புறம் அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த மிக்சி உட்கார்ந்திருக்கிறது. ஜாடி மாற்றியாயிற்று, ஒரு தடவை கார்பன் பிரஷ் போட்டேன், இன்றைக்கும் சட்னி அரைக்கிறது.

ஆனால் மெஷினைத் தூக்கிப் போடவும் மனசு வரவில்லை. மகள் ஊருக்கு வருகிற அன்று மட்டும் பரணிலிருந்து இறக்கித் துடைத்து மேடையில் வைத்துவிடுவோம். போன தீபாவளிக்கு வந்தவள், "அப்பா, அட்டையில இருக்கற டேப்பு புதுசா இருக்கே" என்றாள். அவளுக்குத் தெரியும் போல.

வரைபலகை:
நான் இன்டீரியர் வேலை பார்க்கிறவன், விலை உயர்ந்த விசித்திரங்களுக்கு நடுவில்தான் பிழைப்பு. ஒரு வாடிக்கையாளர் வீட்டு ஷோகேசில் மூன்று கால் வைத்த சிலந்தி மாதிரி அலுமினியத்தில் ஒன்று நின்றது. எலுமிச்சம்பழம் பிழிகிற கருவி. பிலிப் ஸ்டார்க் வடிவமைத்து, இத்தாலியின் அலெஸ்ஸி கம்பெனி 1990இல் விற்பனைக்கு விட்ட ஜூசி சாலிஃப்தான் அது. நியூயார்க் மோமா மியூசியத்திலேயே இருக்கிறது, படிக்கிற காலத்தில் எங்களுக்குப் பாடமாகவே வந்தது. கடற்கரையில் கணவாய் மீன் சாப்பிட்டுக்கொண்டே ஓட்டல் காகிதத்தில் கிறுக்கின படம் என்பார்கள், அது உண்மைதான், அந்தக் காகிதத்தையும் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். பத்தாவது ஆண்டுக்குத் தங்க முலாம் பூசிய பதிப்பு ஒன்று வந்தது. அதில் எலுமிச்சை பிழியக் கூடாது, புளிப்புப் பட்டால் முலாம் கெட்டுவிடும். பிழியக் கூடாத பிழிவான்! அதைக் கேட்டபோதுதான் எனக்கு அந்த ஆள்மேல் மரியாதையே வந்தது. ஒரு பொருளுக்கு இருந்த ஒரே வேலையையும் பிடுங்கிவிட்டு விலையை ஏற்றுவதற்கு ஒரு தனித் தைரியம் வேண்டும்.

வாடிக்கையாளரிடம் "இதில் ஒரு சர்பத் போடலாமா சார்?" என்று சும்மா கேட்டேன். கோவில் விளக்கில் பீடி பற்றவைக்கக் கேட்டது போல் பார்த்தார். சமையல்காரம்மா உள்ளே மரக்கட்டையில் பிழிந்து கொண்டுவந்தார். நல்ல சர்பத்.

சும்மா ஒரு ஆள்:
பிழிகிற பேச்சு வந்ததால் ஒன்று. சான்பிரான்சிஸ்கோவில் ஜூசெரோ என்று ஒரு மெஷின் 2016இல் வந்தது, 699 டாலர், வைஃபை உண்டு. அந்தக் கம்பெனியே விற்கிற பழப் பொட்டலத்தை வைத்தால் பிழிந்து தரும். 2017 ஏப்ரலில் ப்ளூம்பெர்க் நிருபர்கள் பொட்டலத்தை வெறும் கையால் அமுக்கிப் பார்த்தார்கள், மெஷின் பிழிந்த அளவுக்கே கிட்டத்தட்ட ஜூஸ் வந்துவிட்டது. செப்டம்பரில் கடையை மூடினார்கள். முதலீடு சுமார் 12 கோடி டாலர். துணியில் தேங்காய்ப்பூவைக் கட்டிப் பால் பிழிகிற எந்த ஆச்சியைக் கேட்டிருந்தாலும் ஓசியிலேயே சொல்லியிருப்பாள்.

ஈயச்சொம்பு:
எங்கள் வீட்டில் செம்பு பாட்டில் ஏழு. எல்லாம் ரிட்டர்ன் கிஃப்ட். வெளியே மயில், தாமரை என்று பெயின்ட் அடித்தது, ஒன்று ஆயிரத்து நானூறு. செம்பு என்றால் புளி போட்டுத் தேய்த்தால்தான் பளபளக்கும், இதைத் தேய்த்தால் மயிலின் கழுத்து போகிறது. தம்பி ஒரு நாள் அதில் லெமன் ஜூஸ் ஊற்றி ஆபீசுக்கு எடுத்துப் போனான். புளிப்பைச் செம்பில் வைக்கக் கூடாது, களிம்பு இறங்கும் என்று நான் சொல்வதற்குள் பாதி குடித்துவிட்டான், மதியம் முழுக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தான். எங்கள் அம்மாச்சி காலத்தில் புளிப்பு வைக்கிற பாத்திரத்துக்குள்ளே ஈயம் பூசாமல் விடமாட்டார்கள், பூசுகிறவர் துருத்தியோடு தெருவுக்கே வருவார்.

அப்புறம் அம்மாச்சிக்கு இன்னொரு பழக்கம். யாருக்குச் சொம்பு வாங்கினாலும் பாத்திரக்கடையிலேயே பெயரும் தேதியும் வெட்டச் சொல்லிவிடுவாள். அந்த மெஷின் கிர்ர் என்று பல் கூசுகிற மாதிரி சத்தம் போடும். பெயர் வெட்டின சொம்பை வேறு யாருக்கும் தள்ளிவிட முடியாது, வைத்துப் புழங்கித்தான் ஆக வேண்டும். இந்த ஏழு பாட்டிலில் மூன்று வேறு யாருக்கோ வந்து எங்களிடம் தள்ளிவிடப்பட்டவை. ஒன்றுக்குள் "அன்புடன் சித்தப்பா குடும்பம்" என்று சீட்டே இருந்தது. எங்களுக்குச் சித்தப்பாவே கிடையாது.

டபராசெட்:
ஐயோ, ஈயச்சொம்பு சொன்னதும்தான் உறைக்கிறது. ஞாயிற்றுக்கிழமை தாம்பரத்தில் ஒரு கிரகப்பிரவேசம், அந்தக் கப்பைத் துடைத்துப் பெட்டியில் போட்டு ஜிகினாத்தாள் சுற்றி, மொய்க் கவர் வரைக்கும் தயார். இப்போது ஆப்பைத் திறந்து பார்த்தால் கப் என் பெயரோடு நிற்கிறது. பெயரை அழிக்க இடமே தெரியவில்லை, மறுபடியும் அப்டேட் கேட்கிறது. தெரிந்தவர்கள் சனிக்கிழமைக்குள் சொல்லுங்கள், இல்லாவிட்டால் கடிகாரத்தில் ஒன்றை எடுத்துக்கொண்டு போகிறேன்.