[சொல்லாய்வு] வெற்று அறையில் ஏஐ போடும் சோபா: வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

எழுதியவர்: மொழிக்காரி
செவ்வாய், காலை 9.12

குழுமத்தாருக்கு வணக்கம்.

கலிஃபோர்னியாவில் ஃப்ரீமான்ட் பக்கம் வீடு விற்றுக் கொடுக்கும் தமிழ் முகவர் ஒருவருக்காக எட்டுப் பக்கக் கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். படிக்கப் போவது, வாங்குகிற பிள்ளைகளோடு வந்து தங்கியிருக்கும் அப்பா அம்மாக்கள். முன்பணத்தில் பாதி அவர்கள் ஊரில் நிலம் விற்றுக் கொடுத்தது, அவர்களுக்கும் புரிந்தாக வேண்டும் என்கிறார். ஏழு பக்கம் முடிந்தது. 'வர்ச்சுவல் ஸ்டேஜிங்' என்ற இரண்டு சொல்லில் மூன்று நாளாக நிற்கிறேன்.

தெரியாதவர்களுக்காக: காலி வீட்டைப் படம் எடுத்தால் அறை சின்னதாகவும் களையில்லாமலும் தெரியும். அதனால் வீடு விற்கும்வரை சோபா, கட்டில், விளக்கு, தொட்டிச்செடி எல்லாவற்றையும் வாடகைக்குக் கொண்டுவந்து வைப்பது அமெரிக்காவில் தனித் தொழில். 1972-இல் பார்ப் ஷ்வார்ட்ஸ் என்ற வீட்டு முகவர் தொடங்கிவைத்தார் என்பார்கள். பிறகு லாரியே வேண்டாம், படத்தில் மட்டும் சாமான் வைத்தால் போதும் என்று ஆனது. முன்பு அதைக் கணினி ஓவியர் ஒருவர் உட்கார்ந்து ஒன்றிரண்டு நாளில் செய்து தருவார். இப்போது ஏஐயிடம் படத்தைக் கொடுத்து எந்தப் பாணி என்று சொன்னால் நிமிடத்தில் வந்துவிடுகிறது.

சிக்கல் சட்டத்தில். ஏபி 723 என்ற கலிஃபோர்னியச் சட்டம் 2026 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. விற்பனை விளம்பரப் படத்தை மென்பொருளாலோ ஏஐயாலோ மாற்றியிருந்தால், மாற்றியிருக்கிறோம் என்று படத்தின் மேலோ பக்கத்திலோ பளிச்சென்று தெரியச் சொல்ல வேண்டும். மாற்றாத படத்தைப் பார்க்க இணைப்போ க்யூஆர் குறியோ தர வேண்டும். வெளிச்சம் கூட்டுவது, சாய்வை நிமிர்த்துவது, ஓரம் வெட்டுவதெல்லாம் கணக்கில் வராது. அறைகலன் (ஃபர்னிச்சர்), தரை, சுவர், பெயின்ட் நிறம், தோட்டம், சன்னல் வழியாகத் தெரியும் காட்சி, வெளியே நிற்கும் மின்கம்பம் ஆகியவற்றைச் சேர்த்தாலும் நீக்கினாலும் மாற்றினாலும் வரும்.

ஆகவே எனக்கு இரண்டு சொல் வேண்டும்: மாற்றிய படத்துக்கு ஒன்று, மாற்றாத படத்துக்கு ஒன்று. இப்போதைக்கு 'மெய்நிகர் அலங்காரம்' என்று போட்டிருக்கிறேன். பிடிக்கவில்லை. வெள்ளி காலை கோப்பு போக வேண்டும்.

---

எழுதியவர்: கட்டற்றவன்
செவ்வாய், காலை 9.40

'வர்ச்சுவல் ஸ்டேஜிங்' என்றே போடுங்கள். அந்த அப்பா அம்மாக்களின் பிள்ளைகள் வீட்டில் அப்படித்தான் பேசுகிறார்கள். 'மெய்நிகர்' என்று நாம் இருபது வருடமாக எழுதுகிறோம், கடைத்தெருவில் ஒருவராவது சொல்லிக் கேட்டதுண்டா?

---

எழுதியவர்: ஏரிக்கரையான்
செவ்வாய், பிற்பகல் 3.05

அம்மையீர், தங்கள் ஐயம் நியாயமானது. அலங்காரம் வடசொல் என்பது ஒருபுறம் இருக்கட்டும். அணி என்று நம்மிடம் இருக்க, அதை ஏன் தேட வேண்டும்? ஆனால் 'மெய்நிகர் அணி' என்றால் கிரிக்கெட் ஆடுகிறவர்கள் என்று இன்றைய பிள்ளைகள் நினைப்பார்கள். அதனால் அதையும் விடுகிறேன்.

மூலத்தில் இருப்பது மேடை. மேடை அமைப்பதை நம்மவர் எவ்வளவு நுட்பமாகச் சொல்லியிருக்கிறார்கள் என்று சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையைப் பாருங்கள். அரங்கின் அளவு ஏழுகோல் அகலம், எண்கோல் நீளம், ஒருகோல் உயரம். திரைகள் மூன்று: ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி. விளக்கு வைப்பதற்கும் விதி உண்டு: 'தூண்நிழல் புறப்பட', அதாவது தூணின் நிழல் அரங்கின்மேல் விழாதபடி. வெறும் இடத்தைக் காண்போர் கண்ணுக்கு ஒரு மாளிகையாக்கும் கலை அது.

இனி என் முன்மொழிவு. மதுரைக்காஞ்சியில் ஓவியருக்குக் 'கண்ணுள் வினைஞர்' என்று பெயர். பார்ப்பவர் கண்ணுக்குள்ளேயே தம் தொழிலை நிறுத்துகிறவர்கள் என்று உரை விரியும். மலைபடுகடாத்தில் கூத்தருக்குக் 'கண்ணுளர்' என்று பெயர். படமும் மேடையும் ஒரே வேரில்! ஆங்கிலத்தார் இரண்டு சொல் சேர்த்துச் சொன்னதை நாம் ஒன்றில் வைத்திருக்கிறோம். சோபா அறைக்குள் இல்லை, கண்ணுக்குள் இருக்கிறது. ஆகவே 'கண்ணுள் மனை'.

---

எழுதியவர்: கட்டற்றவன்
செவ்வாய், பிற்பகல் 3.21

> ஆகவே 'கண்ணுள் மனை'

ஐயா, கண் ஆஸ்பத்திரி விளம்பரம் மாதிரி இருக்கிறது.

---

எழுதியவர்: கோலளவு
செவ்வாய், இரவு 8.50

கட்டட வரைபடம் போட்டுப் பிழைக்கிறவன் என்ற முறையில் ஒன்று. தமிழ்நாட்டில் 'மனை' என்றால் வீடு இல்லை, காலி இடம். மனைப்பட்டா, வீட்டுமனை, மனைப்பிரிவு. பேருந்து நிலையத்தில் துண்டுச்சீட்டு கொடுக்கிறவரிடம் 'கண்ணுள் மனை' என்று சொல்லிப் பாருங்கள், பட்டா இல்லாத இடம் என்று ஒதுங்கிவிடுவார்.

தூண்நிழல் செய்திக்கு நன்றி ஐயா. ஏஐ படத்தைப் பிடிக்க நான் முதலில் பார்ப்பதும் நிழலைத்தான். சன்னல் இடப்பக்கம் இருக்கும், சோபாவின் நிழலும் இடப்பக்கமே விழுந்திருக்கும். அடுத்து அளவு. அங்கே குயின் மெத்தை என்றால் 60க்கு 80 அங்குலம். பத்தடி அறையில் அதைப் போட்டால் இரண்டு பக்கமும் நடக்க எவ்வளவு மிஞ்சும் என்று யாரும் கணக்குப் போடலாம். ஏஐ கணக்குப் போடுவதில்லை, அழகாகத் தெரிகிற அளவில் கட்டிலை வரைந்துவிடும். கட்டில் சுருங்கினால் அறை தானாகப் பெரிதாகும். ஒருமுறை அலமாரியைக் கொண்டுபோய்க் கதவின்மேலேயே வைத்திருந்தது. குளியலறைக்கு எப்படிப் போவது என்று கேட்டேன், பதில் இல்லை.

கோல் என்பது 24 விரல். விரலுக்கு முக்கால் அங்குலம் என்றால் கோல் ஒன்றரை அடி. அரங்கு பத்தரைக்குப் பன்னிரண்டு அடி. மாதவி ஆடியது இன்றைய ஃபிளாட்டின் ஒரு படுக்கையறைக்குள் என்று ஆகிறதே?

---

எழுதியவர்: ஏரிக்கரையான்
புதன், காலை 6.15

விரலுக்கு முக்கால் அங்குலம் என்று தங்களுக்கு யார் சொன்னது? அது உத்தமர் விரல். இன்று அரிசி தின்று மெலிந்த விரலை வைத்துச் சிலம்பை அளக்கக் கூடாது. இதைத் தனி இழையில் பேசுவோம்.

---

எழுதியவர்: பனங்கூடல்
புதன், காலை 7.30

வணக்கம் தங்கச்சி. நான் கனடாவில் ஸ்கார்பரோவில் இந்தத் தொழில்தான் செய்கிறேன், எங்கட ஆட்களுக்குத்தான் கூடுதலாக வீடு விற்கிறது. முதலில் 'அறைகலன்' எண்டு எழுதினால் எங்கட அம்மாமாருக்கு விளங்காது. தளபாடம் எண்டு போடுங்கோ.

ஏன் இந்தச் சொல் முக்கியம் எண்டு ஒரு கதை. என்னுடைய வாடிக்கையாளர் ஒருவர் படத்தைப் பார்த்தே வீட்டில் மனதைக் கொடுத்துவிட்டார். படத்தில் சுவரோரம் வடிவான நீளச் சோபா. நேரில் போனால் அந்த இடத்தில் தரையில் சூட்டுக்காற்று வருகிற வென்ட். ஏஐ அதைத் துடைத்துவிட்டுச் சோபாவைப் போட்டிருக்கிறது. அந்த வென்டை மூடினால் ஜனவரியில் அந்த அறையில் இருக்க ஏலாது. ஆள் சோபாவுக்குக் கோபப்படவில்லை. 'இதை மறைச்சவன் வேற எதை மறைச்சிருப்பான்' எண்டு கேட்டுக்கொண்டு திரும்பிவிட்டார்.

அலங்காரம், அணி எண்டெல்லாம் சொன்னால் விற்கிறவன் பக்கத்துச் சொல். வாங்குகிறவன் பக்கத்துச் சொல் எது எண்டு பாருங்கோ.

---

எழுதியவர்: கட்டற்றவன்
புதன், காலை 8.02

தளபாடமா? தமிழ்நாட்டில் அதைத் 'தளவாடம்' என்று படித்து, பீரங்கியும் ஜீப்பும் வந்து இறங்குவதாக நினைப்பார்கள். அறைகலன் என்றால் அரசாணையை எழுதினவருக்கு மட்டும் புரியும். 'சாமான்' போதும்.

தூய்மை பேசுகிறவர்களுக்கு ஒரு கேள்வி: மேசை, அலமாரி, சன்னல் மூன்றும் போர்த்துகீசியம். ஈழத்தில் கதிரையும் அப்படியே. சன்னலுக்குப் பதில் காலதர் என்று போடலாமா?

---

எழுதியவர்: ஏரிக்கரையான்
புதன், காலை 8.40

காலதர் என்றால் காற்று வரும் வழி. தங்கள் ஏஐ வரைந்த சன்னலில் காற்று வராது. ஆகவே அதைச் சன்னல் என்றே வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு மறுப்பில்லை.

---

எழுதியவர்: மொழிக்காரி
புதன், பிற்பகல் 1.10

பனங்கூடல் அண்ணா சொன்னதற்குப் பிறகு யோசித்துக்கொண்டே இருந்தேன். பொண்ணு பார்க்க வரும்போது பக்கத்து வீட்டு நாற்காலியை வாங்கிப் போடுவோமே, அதுதான் இது. 'இரவல் படம்' என்று எழுதிப் பார்த்தேன். படமே கடன் வாங்கினது என்று ஆகிவிடுகிறது. 'மாற்றிய படம்' என்றால் வேறு வீட்டுப் படத்தை வைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. 'திருத்திய படம்' என்றால் முன்பு தப்பாக இருந்தது, இப்போது சரி என்று பொருள் வருகிறது.

அப்போதுதான் நம் பெயர்களைப் பார்த்தேன். இந்தக் குழுமத்தில் ஒருவராவது சொந்தப் பெயரில் எழுதுகிறோமா? எல்லாம் புனைபெயர். அதைப் பொய்ப்பெயர் என்று யாரும் சொல்வதில்லை. உள்ளே ஆள் உண்மை, மேலே பெயர் மட்டும் புனைந்தது. வீடும் அப்படித்தானே?

'புனைபடம்' எப்படி?

---

எழுதியவர்: ஏரிக்கரையான்
புதன், பிற்பகல் 1.32

அம்மையீர்! கண்ணுள்ளை நான் கைவிடவில்லை. ஆயினும் தாங்கள் தொட்டது நல்ல வேர். பூப்புனைவதும் புனைதல், கதை கட்டுவதும் புனைதல். அழகும் கற்பனையும் ஒரே வினையில் இருக்கின்றன. நெடுநல்வாடையில் அணியெல்லாம் களைந்து தலைவனுக்காகக் காத்திருக்கும் அரசியைப் 'புனையா ஓவியம்' என்கிறார் நக்கீரர். வண்ணம் தீட்டாமல் கோட்டோடு நின்ற சித்திரம் என்பது நச்சினார்க்கினியர் காட்டும் பொருள்.

சட்டம் கேட்கும் இரண்டாவது சொல்லும் இதோ கிடைத்துவிட்டது. மாற்றியது புனைபடம். மாற்றாதது புனையாப் படம். முன்னது வினைத்தொகை, ஒற்று மிகாது. பின்னது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், ஒற்று மிகும். அச்சகத்தார் 'ப்' போடாமல் விட்டால் என்னிடம் அனுப்புங்கள்.

---

எழுதியவர்: கோலளவு
புதன், மாலை 5.45

நன்றாக இருக்கிறது, ஆனால் பாதிதான். மின்கம்பத்தை அழித்தால் அது புனைவா? சேர்ப்பதற்குத்தான் புனைதல் பொருந்தும். கழிப்பதற்கு? பனங்கூடல் சொன்ன வென்டை யாரும் புனையவில்லை, மறைத்தார்கள். சட்டம் இரண்டையும் ஒரே தட்டில் வைக்கிறது.

---

எழுதியவர்: ஏரிக்கரையான்
புதன், மாலை 6.20

கரத்தல், அதாவது மறைத்தல். கரந்துவரல் எழினி என்று நேற்றே சொன்னேன். கரந்ததும் புனைந்ததும் சேர்ந்தால் 'கரந்துபுனை படம்'.

---

எழுதியவர்: கட்டற்றவன்
புதன், மாலை 6.24

வீடு விற்ற மாதிரிதான்.

---

எழுதியவர்: பனங்கூடல்
வியாழன், காலை 6.50

புனைபடம் எனக்கு ஓம். ஆனால் முகவர் சம்மதிப்பாரோ தெரியாது. ஏமாற்று வேலைக்குப் 'புனைசுருட்டு' எண்டும் ஒரு சொல் இருக்குதல்லோ, அந்த மணம் வரும். நான் அவர் இடத்தில் இருந்தால் அலங்காரத்தைத்தான் கேட்பேன். உண்மையைச் சொல்லுகிறேன்.

---

எழுதியவர்: மட்டுறுத்துநர்
வியாழன், காலை 10.00

கோல் அளவு பற்றிய 14 மடல்களைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். இந்த இழையில் இதுவரை புனைபடத்துக்கு ஐந்து, வர்ச்சுவல் ஸ்டேஜிங்குக்கு மூன்று, கண்ணுள் மனைக்கு ஒன்று. முன்மொழிந்தவருடைய வாக்கு செல்லுமா என்று கேட்கிறார்கள். செல்லும்.

---

எழுதியவர்: மொழிக்காரி
வெள்ளி, காலை 11.25

கோப்பு போய்விட்டது. நடந்தது இது.

நேற்று இரவு அம்மாவிடம் கையேட்டைக் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். அறுபத்தெட்டு வயது, நாளிதழை விளம்பரம் விடாமல் படிக்கிறவர். படத்தின் கீழ் 'புனைபடம்' என்று இருந்ததைப் பார்த்துவிட்டு, படத்தை இப்படியும் அப்படியும் திருப்பினார். "பூனை எங்கடி இருக்கு?"

ஆகவே படத்தின் கீழே ஒரு சொல்லாகப் போடவில்லை, வாக்கியமாகவே போட்டேன்: 'இந்தப் படத்தில் தெரியும் சாமான்களைக் கணினி சேர்த்தது. வீட்டில் இவை இல்லை. எடுத்தபடியே உள்ள படத்தை இங்கே பாருங்கள்.' சுவரையோ வெளிக்காட்சியையோ மாற்றிய படங்களுக்கு 'சேர்த்தது, நீக்கியது' என்று வேறொரு வரி. கடைசிப் பக்கச் சொற்பட்டியலில் மட்டும் புனைபடம், புனையாப் படம் இரண்டும் இருக்கின்றன. 'ப்' பத்திரமாக இருக்கிறது ஐயா.

ஒரு மணி நேரம் முன்பு முகவரிடமிருந்து பதில். வாக்கியம் பிடித்திருக்கிறதாம். சொற்பட்டியலில் புனைபடத்தை 'டிஜிட்டல் அலங்காரம்' என்று மாற்றிக்கொண்டாராம். பனங்கூடல் அண்ணா, நீங்கள் சொன்னபடியே.

---

எழுதியவர்: ஏரிக்கரையான்
வெள்ளி, பிற்பகல் 12.02

தங்கள் அன்னையாருக்கு என் வணக்கம். எனினும் ஒன்றைப் பதிவு செய்ய விரும்புகிறேன். கண்ணுள் என்று போட்டிருந்தால் பூனை வந்திருக்காது.

---

எழுதியவர்: கட்டற்றவன்
வெள்ளி, பிற்பகல் 12.09

கண் ஆஸ்பத்திரிக்கு வழி கேட்டிருப்பார்.

---

எழுதியவர்: கோலளவு
வெள்ளி, பிற்பகல் 2.30

கையேட்டில் 'டிக்ளட்டர்' (அடைசலை ஒழிப்பது) வந்திருக்குமே, அதற்கு என்ன போட்டீர்கள்? எனக்கும் ஒரு வரைபடக் குறிப்புக்குத் திங்களன்று வேண்டும்.